பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?

ஆவணி 3, திங்கட்கிழமை

மதுரையில் அறுவை மருத்துவரைக் கண்டு இன்று திரும்பினோம். நாள் குறித்தாயிற்று. ஆவணி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை காலை. அன்றைய முதல் அறுவை என்னுடையது. முதல் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளம் துள்ளியதை மறைப்பானேன்? பத்துப் பேர் பெயர் கொடுத்திருக்க, மங்கையர்க்கரசி என்ற பெயர் பட்டியலின் தலையில் நிற்கிறது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கருப்பையை அகற்றிய தழும்பின் வழியே என் குடல் புடைத்து நிற்கிறது. மருத்துவர் ‘ஹெர்னியா’ என்றார். “குடலிறக்கத்தைத்தானே கூறுகிறீர்கள்?” என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டது. நான் படிப்பைக் கைவிடவில்லை. அதனை அவர் எங்ஙனம் அறிவார்?

பழைய தையல் எவ்வாறு விட்டது என்று வினவினார். தக்க சொற்களை நான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கையில் கணவர் முந்திக்கொண்டார். “வாந்திதேன் டாக்டர். ரெண்டு நாளு. வயித்தப் புடிச்சுக்கிட்டு எடுத்துக்கிட்டே கெடந்தா.”

அறிவிப்பில் நயம் என்பது அவருக்கு எப்போதும் இல்லை.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். இம்முறை வலை வைத்துத் தைக்கப் போவதாகவும், முதல் சில நாள்களில் கடுமையாக ஓங்கரித்தால் அத்தையலும் விட்டுப்போகலாம் என்றும், மூன்றாம் முறை வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அது எளிதாக இராது என்றும் பொறுமையாக விளக்கினார். ஆகவே வாந்தியை வருவதற்கு முன்பே தடுத்துவிட வேண்டுமாம். அதற்கென்றே மருந்துகள் உள்ளனவாம். மயக்க மருத்துவர் முடிவு செய்வாராம். அவர் கேட்பவற்றுக்கெல்லாம் மறைக்காமல் விடை கூற வேண்டுமாம்.

வந்த பின் கொடுப்பதே மருந்து என்று ஐம்பத்து மூன்று ஆண்டுகள் எண்ணியிருந்தேன். வருமுன் காக்கும் மருந்து! வழியெல்லாம் இதையே சிந்தித்து வந்தேன்.

போகையில் ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பற்றி நின்றவாறே சென்றேன். இருக்கைகள் இருந்தன. ஆயினும் நிற்பதே என் வழக்கம். விரியும் சாலையை நேராகக் காணலாம். காலையில் உணவு கொள்ளவில்லை. மருத்துவரைக் காணச் செல்கையில் வயிறு வெறுமையாக இருத்தல் நலம். திரும்புகையில் கூட்ட நெரிசலில் ஒரு பெரியவர் வற்புறுத்தி அமரச் செய்துவிட்டார். காரியாபட்டியில் சிறிது காற்று வாங்க வேண்டும் எனத் தோன்றவே இறங்கிக்கொண்டோம். கணவர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினார். அடுத்த பேருந்தில் அருப்புக்கோட்டை வந்தோம்.


ஆவணி 5, புதன்கிழமை

பயணக் குழுவின் கூட்டம் நம் இல்லத்தில் நடந்தது. வந்த மகளிர் முப்பதின்மர். பதினோராண்டுகளாக இக்குழுவைத் திருத்தலங்களுக்கு அழைத்துச் சென்று வருகிறேன். இதுவரை எல்லாம் பேருந்து. வரும் கார்த்திகையில் காசி, அதுவும் விமானத்தில் என்று அறிவித்தபோது எழுந்த ஆரவாரத்தில் அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தனர். அறுவை நல்லபடியாக ஆறினால் மட்டுமே நான் வரலாம் என்பதையும் கூறினேன். நான் வாராவிடில் ஒருவரும் போவதில்லை என்று தெய்வானை எழுந்து நின்று சொன்னாள். மற்றவரும் தலையசைத்தனர். அக்கணத்தில் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இங்கே அடக்கமாகக் குறித்துவைக்கிறேன்.

பேச்சியம்மாள் ஓர் ஐயம் எழுப்பினாள். விமானத்திலும் வாந்தி வருமா என்று. அனைவரும் சிரித்தனர். ஒவ்வொரு பயணத்திலும் கடைசி இருக்கையில் பிளாஸ்டிக் பையோடு அமர்ந்து வருபவள் அவள். உடல் பருத்தவள், பேச்சுக்காரி, உழைப்பாளி. நகராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். பேருந்து புறப்பட்டுவிட்டால் மட்டும் ஆள் சுருண்டு விடுகிறாள்.

ஈராண்டுக்கு முன் கொல்லிமலை வளைவுகளில் அவள் துவண்டு கிடந்தபோது நான் ஒலிவாங்கியில் கூறியதைத் தெய்வானை இன்று நினைவூட்டினாள். “வாந்தி வயிற்றில் பிறப்பதன்று, மனத்தில் பிறப்பது. மனவுறுதி உடையோரை எந்த வளைவும் வளைக்காது.” அன்று பேருந்தே கைதட்டியது. இன்றும் தட்டினார்கள். பேச்சியம்மாளும் தட்டினாள்.

பயணம் முழுமையும் நான் முன்னால் நின்றுகொண்டே உரையாற்றி வருவது குறித்தும் பேச்சு வந்தது. நான் அமர்ந்து ஒருவரும் கண்டதில்லையாம். வழிநடத்துவோர் அமர்தல் முறையன்று என்றேன்.


ஆவணி 8, சனிக்கிழமை

குழம்புப் பொடி திரித்து வந்தேன். அறுவைக்குப் பின் கனமான பொருளைத் தூக்கலாகாது என்பதால், கணவருக்கு எரிவாயு உருளை மாற்றக் கற்றுக்கொடுத்தேன். தமக்குத் தெரியும் என்றார். தெரியவில்லை.


ஆவணி 10, திங்கட்கிழமை

மயக்க மருத்துவரின் முன்பரிசோதனை. கணவருக்கு ஆலையில் விடுப்புக் கிடைக்காமையால் பேச்சியம்மாள் துணைக்கு வந்தாள். வழியில் வழக்கம்போல் இருமுறை பையை எடுத்தாள். நான் கம்பியைப் பற்றி நின்றபடியே அவளுக்கு ஆறுதல் கூறினேன். “ஒங்களப் பாத்தாத்தேன் அக்கா எனக்கு ஒரு தெம்பு” என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு.

மருத்துவர் பெயர் லாவண்யா. முப்பதைத் தாண்டியிராத பெண். ஐதராபாத்தில் வளர்ந்தவர், தமிழை மதுரை நோயாளிகளிடமே கற்றாராம். வினாக்கள் அடுக்கடுக்காக வந்தன. பல் ஆடுகிறதா, மூச்சிரைப்பு உண்டா, படி ஏறினால் களைக்கிறதா. எனக்குத் தேர்வு எழுதும் உற்சாகம் பிறந்துவிட்டது. தடங்கலின்றி விடையளித்தேன். முந்தைய அறுவைக்குப் பின் வாந்தி இருந்ததா என்று கேட்டார். இருந்தது, அந்நாளைய மருந்தின் குறையாக இருக்கலாம் என்றேன்.

அடுத்து, “பஸ்ல, கார்ல போனா வாந்தி வருமா?” என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். “யாரு, அக்காவுக்கா? நல்லாக் கேட்டீக. எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வருவாக. அந்தச் சீக்கெல்லாம் எங்கள மாதிரி ஆளுக்குத்தேன்.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். “இல்லை” என்றேன்.

பேச்சியம்மாள் கூறியதில் பிழை ஏதுமில்லை. நான் நின்றுகொண்டேதான் வருகிறேன்.

என் இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். வாந்தி வாய்ப்பு மிகுதியானவர்களுக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசியும் சேர்த்துப் போடுவார்களாம். அது சர்க்கரையைச் சிறிது ஏற்றுமாம். எனக்குப் பேருந்துத் தொல்லை இல்லாததால் அதைத் தவிர்த்து ஒரே ஊசியோடு முடித்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் கருதினார். நன்று என்றேன்.


ஆவணி 11, செவ்வாய்க்கிழமை

இன்று முதல் தேநீரில் சர்க்கரை இல்லை. குறிப்பிடத்தக்க வேறு நிகழ்வு ஏதுமில்லை.


ஆவணி 13, வியாழக்கிழமை

இரண்டு நாளாக ஒரே வேட்டை. அறுவைக்குப் பின் வரும் வாந்தி குறித்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை கைப்பேசியில் அகப்பட்டது. என் பழைய அகராதியைத் துணைகொண்டு வரி வரியாக வென்றேன். சோறு ஒருமுறை அடிப்பிடித்தது. பொருட்படுத்தவில்லை.

எத்துணை வியப்பு! வாந்தி எடுக்குமாறு ஆணையிடும் இடம் வயிற்றில் இல்லை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. அங்கே செய்தி செல்லப் பல கதவுகள். வயிற்றிலிருந்து ஒன்று, குருதியிலிருந்து ஒன்று, உடலின் நிலையை அறியும் உட்காதிலிருந்து ஒன்று. மயக்க வாயுவும் வலிநீக்கி மருந்தும் இக்கதவுகளைத் தட்டுகின்றன. ஒவ்வொரு தடுப்பு மருந்தும் ஒவ்வொரு கதவை அடைக்கிறது. ஒண்டான்செட்ரான் ஒரு கதவை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வேறொரு வழியில் காக்கிறது. இடர் மிகுந்தவருக்கு ஒன்று போதாது; ஒன்றுக்கு மேற்பட்ட கதவுகளை அடைத்தாக வேண்டும். ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன். இரண்டையும் உரக்கப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். நாவில் நன்றாக உருள்கின்றன.

உண்டுகொண்டிருந்த கணவருக்கு இவற்றை விளக்கினேன். வாந்தி என்ற சொல்லைச் சோற்றுக்கு முன் இத்தனை முறை கேட்டதில்லை என்று மட்டும் கூறினார்.

யாருக்கு இடர் மிகுதி என்பதையும் கட்டுரை வகுத்துரைக்கிறது. பெண்ணாயிருத்தல் ஒன்று. புகை பிடிக்காதிருத்தல் மற்றொன்று. புகை பிடிக்காமை ஒரு குறையாகக் கருதப்படும் இடத்தை வாழ்வில் முதன்முறையாகக் கண்டேன். அறுவைக்குப் பின் வலுவான வலிநீக்கி பெறுதல் இன்னொன்று. நான்காவது வரியில் இரு ஆங்கிலச் சொற்கள் சேர்ந்து நின்றன. அகராதியில் தனித்தனியே தேடினேன். ஒன்றுக்கு அசைவு, மற்றதற்குப் பிணி. அசைவுப் பிணி. அழகிய தொடர் ஒன்றை ஆக்கிவிட்ட மகிழ்ச்சியோடு அடுத்த வரிக்குச் சென்றேன். அங்கே விளக்கம் இருந்தது. பேருந்து, மகிழுந்து, படகு ஆகியவற்றில் செல்கையில் வரும் குமட்டல். முன்பு அறுவைக்குப் பின் வாந்தி எடுத்தவரும், இப்பிணி உடையவரும் இடர் மிகுந்தோரே.

துணி ஊறிக்கொண்டிருக்கிறது. இன்று இவ்வளவே.


ஆவணி 14, வெள்ளிக்கிழமை

மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். மயக்க மருத்துவரோடு பேச வேண்டும் என்றேன். அறுவை அரங்கில் இருக்கிறார், என்ன செய்தி என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். மருத்துவரிடம் முன்னர் அளித்த விடையொன்றில் ஒரு திருத்தம் செய்ய விழைகிறேன் என்றேன். “என்ன திருத்தம்னு சொல்லுங்க, எழுதி வெச்சுடறேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, லைன் சரியில்ல” என்றாள்.

கூடத்தில், எனக்கு உதவ வந்த தெய்வானை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நேரில் தெரிவிக்கிறேன் என்று கூறி வைத்துவிட்டேன்.


ஆவணி 16, ஞாயிற்றுக்கிழமை

நாளை சேர்க்கை. பையில் இரண்டு புடவை, துண்டு, சோப்பு, இக்குறிப்பேடு, அகராதி ஆகியன வைத்தேன். அகராதி எதற்கு என்று கணவர் கேட்டார். துணைக்கு என்றேன்.

மாலையில் முற்றத்துக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கையில் அருகில் வந்து நின்றார். முப்பத்தோராண்டு இல்வாழ்வில் அவர் என்னிடம் நீளமாகப் பேசியது குறைவு.

“அந்த டாக்டரம்மாட்ட பஸ்ஸு விசயம் சொல்லிட்டியா?”

எந்த விசயம் என்று கேட்டேன்.

“கல்யாணமாகி மொத மொத ஒங்க வீட்டுக்குப் போறப்ப என் புதுச்சட்டையில எடுத்தியே, அந்த விசயம்.”

துணிகளை மடித்தேன்.

“நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா அரசி? போன தடவ அந்த ரெண்டு நாளு வாந்தி எடுக்குற பேசினப் புடிச்சுக்கிட்டு நின்னவன் நான். இன்னொருக்கா என்னால பாக்க முடியாது.”

என் நாவாலேயே சொல்வேன் என்றேன். அவர் மடித்த துணிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சொல்வதற்குரிய வாக்கியத்தை இரவு உணவுக்குப் பின் அமைத்துக்கொண்டேன். நன்றாகவே வந்திருக்கிறது.


ஆவணி 17, திங்கட்கிழமை, மருத்துவமனை

ஆறு கட்டில் கொண்ட கூடத்தில் சன்னலோரக் கட்டில் எனக்கு. மாலையில் நம் குழுவினர் ஒன்பது பேர் ஒரு வேன் பிடித்து வந்துவிட்டனர். ஆப்பிள், ஹார்லிக்ஸ், மீனாட்சி கோயில் திருநீறு, குங்குமம். செவிலி இருவருக்கு மேல் நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். தெய்வானை கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து காசிக்கு என்ன என்ன எடுத்துச் செல்வது என்று எல்லாருக்கும் ஆணையிட்டுக்கொண்டிருந்தாள். வேனில் வந்த களைப்பில் பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து நின்றாள். எனக்கு அத்துணை பேரையும் கண்ட களிப்பு.

அவ்வேளையில் மருத்துவர் லாவண்யா வந்தார். எல்லாரும் சற்று விலகி நின்றனர். எவரும் வெளியே போகவில்லை. கோப்பைப் புரட்டிவிட்டு, நாளைக் காலை ஏழரைக்கு என்னை அழைத்துச் செல்வார்கள் என்றும், நள்ளிரவுக்குப் பின் உணவு கூடாது என்றும் கூறினார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

கணவர் வாசற்படியில் நின்று என்னையே நோக்கினார்.

“பயண வேளைகளில் அடியேனுக்கு அசைவுப் பிணி நேர்வதுண்டு” என்றேன்.

“எப்படிப் பேசுறாக பாரு” என்று தெய்வானை பக்கத்திலிருந்தவளின் காதில் மெச்சினாள்.

மருத்துவர் புன்னகைத்தார். “அம்மா, எனக்கு அவ்ளோ தமிழ் வராது. சாதாரணமா சொல்லுங்க.”

“ஊர்திகளில் செல்கையில் உட்செவியின் நிலைகுலைவால் ஏற்படும் உபாதை.”

மருத்துவர் செவிலியைப் பார்த்தார். செவிலி உதட்டைப் பிதுக்கினாள். வெளியே யாரோ மருத்துவரை அழைத்தார்கள். காலையில் பார்க்கலாம் என்று கூறிக் கோப்பை மூடி, இரண்டடி எடுத்து வைத்துவிட்டார்.

காலையில் காலம் இராது. அரங்கின் வாயிலில் யார் கேட்பார், யார் விடை சொல்வார்? வயிற்றின் மீது கை தானாகவே போயிற்று.

“பஸ்ல ஏறுனா எனக்கு வாந்தி வரும், டாக்டர்.”

திரும்பினார். “எப்பவுமா?”

“எப்பவும். உக்காந்தா வரும். அதான் நிக்கிறேன். அன்னைக்கு இல்லைன்னு சொன்னது தப்பு.”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அடுத்த கட்டில்காரி கூட எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவர் ஒருவர் மட்டும் வியக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, முந்தைய அறுவைக்குப் பின் எத்தனை நாள் எடுத்தேன் என்று மீண்டும் கேட்டார். இரண்டு நாள் என்றேன். விடியற்காலையில் ஒரு மாத்திரை. மயங்கியதும் ஸ்டீராய்டு ஊசி, சர்க்கரையைத் தாம் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். அறுவை முடியும் தறுவாயில் ஒண்டான்செட்ரான். வாயுவைத் தவிர்த்து நரம்பு வழியாகவே மயக்கம். ஒவ்வொன்றாகக் கோப்பில் எழுதினார். நான் கட்டுரையில் கண்ட கதவுகள் அனைத்தும் என் கண் முன்னே அடைபட்டன.

“இவ்ளோ குடுத்தாலும் வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வாய்ப்பு நிறையக் குறையும். கொமட்டுனா உடனே சொல்லணும், அடக்கக் கூடாது. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லம்மா. சிலருக்குக் காது அப்படி” என்று என் தோளைத் தட்டிச் சென்றார்.

அவர் போனதும் தெய்வானையால் அடக்க இயலவில்லை. முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கினாள். ஒருத்தி தொடங்க எல்லாரும் சிரித்தனர். பதினோரு வருசமா எங்கள ஏமாத்திப்புட்டீகளே என்றனர். நானும் சிரித்தேன். என்னை அறியாமல் உடல் இலேசாகிவிட்டது.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

“அப்ப கொல்லிமலையில எனக்கு மனவுறுதி இல்லேன்னு மைக்குல சொன்னீகளே. அது என்னக்கா?”

தெய்வானை முந்தானையை வாயிலிருந்து இறக்கினாள்.

“அம்புட்டுப் பேரும் கைதட்டுனாக. நானுந்தேன் தட்டுனேன்.”

தன் பங்குக்குக் கொண்டுவந்த ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். வேனிலேயே காத்திருந்தாளாம்.


ஆவணி 18, செவ்வாய்க்கிழமை, விடியல்

ஒரு மிடறு நீரோடு மாத்திரை விழுங்கினேன். பசி இல்லை, அச்சமும் எதிர்பார்த்த அளவு இல்லை. பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்குக் கிளம்புவது போல் இருக்கிறது. பச்சை அங்கி அணிவித்துவிட்டார்கள். முடிச்சு முதுகில். கணவர் கட்டிவிட்டார்.


ஆவணி 19, புதன்கிழமை

வாந்தி வரவில்லை.

முதலில் இதையே எழுத வேண்டும் என்று நேற்றே தீர்மானித்தேன். நேற்று எழுந்து அமர விடாததால் எழுத இயலவில்லை.

கண் விழித்ததும் யாரோ என் பெயரை முழுமையாக அழைத்தார்கள். வாய் உலர்ந்திருந்தது. தொண்டையில் கீறல். வயிற்றில் வலி இருந்தது, ஆயினும் தொலைவில் இருந்தது. கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் விழித்த அதே நொடியில் வந்த அந்த அலையை எனக்குத் தெரியும். நாக்கின் அடியில் நீர் ஊறும், காது அடைக்கும், பிறகு உலகமே வாய்க்கு வரும். காத்திருந்தேன். வரவில்லை. மேலும் காத்திருந்தேன். அருகில் யாரோ தெலுங்கில் பேசிக்கொண்டே சென்றார்கள். அப்போதும் வரவில்லை.

கூடத்துக்குக் கொண்டுவந்தபோது கணவர் நீலப் பேசினைக் கையில் ஏந்திக் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். காலை முதல் அதைக் கீழே வைக்கவில்லையாம். செவிலி வாங்க முயன்றும் கொடுக்கவில்லையாம். வெறும் பேசின். அதையும் அவரையும் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கிறது. சிரிக்காதே, சிரிக்காதே என்று அவர் பதற, எனக்கு மேலும் வந்தது.

மாலையில் திரும்பிப் படுக்கையில் ஒருமுறை நாக்கின் அடியில் நீர் ஊறியது. முன்னாளைய மங்கையர்க்கரசியாயின் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பாள். “கொமட்டுது” என்று உடனே செவிலியை அழைத்தேன். வேறொரு வகை ஊசி செலுத்தினாள். சிறிது நேரத்தில் அலை கரைக்கு வராமலே திரும்பிவிட்டது. சர்க்கரை சற்று ஏறியிருந்தது; அளந்து பார்த்து இறக்கினார்கள்.

இன்று காலை இரண்டு இட்டிலி. அறுவை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தையல் இருக்கவேண்டியபடி இருக்கிறது என்றார். கார்த்திகையில் காசி போகலாமா என்று கேட்டேன். ஆறுவதைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார், ஆனால் முகம் மலர்ந்தே இருந்தது. இட்டிலியின் சுவையைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். எழுதும் பொறுமை இல்லை. இன்னும் ஒன்று கேட்டு வாங்கி உண்டேன்.


ஆவணி 20, வியாழக்கிழமை

நடைபாதையின் முனை வரை நடந்தேன். தெய்வானை தொலைபேசினாள். மற்றவரும் பேசினர். பேச்சியம்மாள் பேசவில்லை.


ஆவணி 21, வெள்ளிக்கிழமை

இன்று வீடு திரும்பும் நாள். கணவர் கணக்கு முடிக்கக் கீழே சென்றிருந்தார். பையைக் கட்டிலில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். பேச்சியம்மாள் வாசலில் நின்றாள். தனியாகப் பேருந்தில் வந்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது, புடவை மார்பில் ஈரம்.

வா என்றேன். வந்து, கட்டிலில் அமராமல் எதிர்க்கட்டிலின் முனையில் அமர்ந்தாள்.

“நெசமாவே வரலையா?”

“ஒரு தடவ கொமட்டுச்சு. ஊசி போட்டாங்க. அடங்கிருச்சு.”

“ஒரு வாயிகூட எடுக்கல?”

“எடுக்கல.”

என் முகத்தில் பொய் தேடுவது போல் பார்த்தாள். தேடுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு. பிறகு வலப்பக்க விலாவின் கீழே கையை வைத்து, மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினாள். பித்தப்பையில் கல். இரண்டு ஆண்டுகளாக. அருப்புக்கோட்டையில் ஸ்கேன் எடுத்த மருத்துவர் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை மஞ்சள் காமாலையும் வந்து போயிருக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை. ரசச் சோறு மட்டும் உண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இத்தனை பயணங்களில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததெல்லாம் பேருந்தால் மட்டும் வந்ததன்று.

“காரியாபட்டி வாறதுக்குள்ளயே எனக்குக் கொடலு வெளிய வந்துருது. மயக்க மருந்து குடுத்தா நான் பொழைப்பேனான்னு பயந்து கெடந்தேன். நீங்க வேற மனவுறுதின்னீக. எனக்குத்தேன் அது கெடையாதே, என்னத்தப் போயி ஆப்பரேசன் பண்றதுன்னு விட்டுப்புட்டேன்.”

அன்று பேருந்து முழுக்கக் கைதட்டிய ஒரு வாக்கியம் இவள் உடம்பில் இரண்டு ஆண்டுகள் கல்லாகக் கிடந்திருக்கிறது. அதை எத்துணை அழகாகச் சொன்னேன் என்று ஆவணி ஐந்தாம் நாள்கூட இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

“நான் சொன்னது பொய், பேச்சி. ஒனக்கும் எனக்கும் ஒரே சீக்கு. நான் நின்னேன், நீ உக்காந்த. அவ்வளவுதான்.”

மூக்கை உறிஞ்சினாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் வயிற்றில் ஒரு கை வைத்து எழ முயன்றபோது வந்து தாங்கிக்கொண்டாள். இருவரும் நடைபாதையில் மெல்ல நடந்தோம். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

மருத்துவர் லாவண்யா அறையில் இருந்தார், தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். பேச்சியம்மாளைக் காட்டி, கல் இருக்கிறது, பயம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அமரச் சொன்னார். எந்த மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டும், என்ன என்ன பரிசோதனை என்று விளக்கிவிட்டு, பேனாவை எடுத்தார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா. இல்லை, இல்லை.

“பஸ்ல போனா வாந்தி வருமா?”

பேச்சியம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்வதற்கு ஆயத்தமாக என்னிடம் ஒன்றல்ல, மூன்று வாக்கியங்கள் இருந்தன. நான் வாய் திறக்கவில்லை.

“வரும் டாக்டர்” என்றாள். “ஸ்டார்ட் பண்ணும்போதே வரும். டீசல் வாசன அடிச்சாலே வரும். திருச்செந்தூர் போறப்ப நாலு தடவ. கொல்லிமலையில கணக்கே இல்ல. வேன்ல பின்னாடி உக்காந்தா வரும், முன்னாடி உக்காந்தாலும் வரும். ரங்கராட்டினத்தப் பாத்தாலே வரும், ஏறக்கூட வேண்டாம். இன்னைக்குக் கூட வந்துச்சு, இங்க பாருங்க, சேலையெல்லாம்.”

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. முதுகு நிமிர்ந்தது. ஒலிவாங்கி இல்லாமலே நடைபாதை முழுமையும் கேட்டிருக்கும். மருத்துவர் விரைந்து எழுதிக்கொண்டே வந்தவர், போதும்மா, புரிஞ்சது என்று சிரித்துப் பேனாவை நிறுத்தினார்.

“இன்னும் இருக்கு” என்றாள் பேச்சியம்மாள்.

மருத்துவர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.